உடைகிற கோவை, உடையாத கோவை

கொல்லிமலைக்குப் போகும் கடிதத்தில் எழுத வேண்டிய அஞ்சல் குறியீடு 637411. 70 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி நாமக்கல் வந்தால், அங்கே தலைமை அஞ்சலகத்துக்கு 637001. இந்த ஆறு இலக்க முறை 1972 ஆகஸ்ட் 15 அன்று நாடு முழுக்க வந்தது. முதல் இலக்கம் மண்டலத்தைச் சொல்லும், கடைசி மூன்றும் பட்டுவாடா செய்யும் அஞ்சலகத்தைச் சொல்லும். எண்களை ஒதுக்கிய அதிகாரிகளுக்கு அதற்குமேல் உள்நோக்கம் எதுவும் இருந்திருக்காது. யாரும் திட்டமிட்டுப் பொறுக்காத எண்கள் என்பதால்தான் இவற்றை எடுத்துக்கொள்கிறேன்.

இலக்கங்களை அப்படியே ஒரு பல்லுறுப்புக் கோவையின் கெழுக்களாக வைப்போம். பள்ளியில் எக்ஸ் என்று எழுதிய இடத்தில் இங்கே ‘அ’ என்று போட்டுக்கொள்கிறேன். கொல்லிமலைக் கோவை:

6அ⁵ + 3அ⁴ + 7அ³ + 4அ² + அ + 1

நாமக்கல் கோவை:

6அ⁵ + 3அ⁴ + 7அ³ + 1

மலை உடைகிறது. அது (அ² + 1), (6அ³ + 3அ² + அ + 1) என்ற இரண்டின் பெருக்கம். சரிபார்க்க இயற்கணிதம்கூட வேண்டாம். 6311-ஐ 101-ஆல் பெருக்குங்கள்: 631100-க்குக் கீழே 6311-ஐ எழுதிக் கூட்டினால் 637411. எந்த இடத்திலும் கூட்டுத்தொகை 9-ஐத் தாண்டவில்லை. ‘கையில் ஒன்று’ என்று எதையும் எடுத்து வைக்கவில்லை. அதனால் எண்ணில் நடந்த பெருக்கல் கோவையிலும் அச்சுப் பிசகாமல் நடக்கிறது.

நாமக்கல் உடையாது. முழு எண் கெழுக்கள் கொண்ட, படி குறைந்த இரண்டு கோவைகளின் பெருக்கமாக அதை எழுதவே முடியாது. 637001 பகா எண் என்பதே காரணம். பகா எண்ணின் இலக்கங்களைக் கெழுக்களாக்கினால் கிடைக்கும் கோவை உடையாது என்று கோன் என்பவரின் பெயரில் ஒரு விதி உண்டு. போலியாவும் செகோவும் 1925-இல் வெளியிட்ட புகழ்பெற்ற கணக்குத் தொகுப்பில் அது இருக்கிறது. குண்டூரில் பிறந்து கனடாவில் கணிதப் பேராசிரியராக இருக்கும் ராம் மூர்த்தி 2002-இல் அதற்கு எளிய நிரூபணம் ஒன்றை எழுதினார். விதியைத் திருப்பிப் போட்டால் செல்லாது: 15 பகு எண், ஆனால் அ + 5 என்பதை உடைக்க என்ன இருக்கிறது?

மலை உடைந்தது, ஊர் உடையவில்லை. இரண்டில் எது வழக்கம், எது அபூர்வம்? கண்ணை மூடிக்கொண்டு ஒரு கோவையை எடுத்தால் அது உடைய எவ்வளவு வாய்ப்பு? கணிதத்தில் இந்தக் கேள்வி பிறந்து வளர்ந்த கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

பத்தாம் வகுப்பு தாண்டிய யாரைக் கேட்டாலும், உடைவதுதான் இயல்பு என்பார்கள். ‘காரணிப்படுத்துக’ என்ற தலைப்பின் கீழ் வரும் கணக்குகள் அத்தனையும் உடையும். உடையாத ஒன்று வந்தால் அச்சுப்பிழை என்றுதான் மாணவர் நினைப்பார். கணக்கை அமைப்பவர் விடையிலிருந்து புறப்படுகிறார் என்பது அந்த வயதில் யாருக்கும் தோன்றுவதில்லை. (அ + 3), (அ + 4) என்று முதலில் எழுதி, பெருக்கி, அ² + 7அ + 12 என்று தாளில் போட்டுவிட்டு, ‘பிரி’ என்கிறார். அவரே உடைத்து ஒட்டியதைத்தான் நாம் திரும்ப உடைக்கிறோம்.

விடையிலிருந்து புறப்படாமல் பார்த்தால் நிலைமை வேறு. அ²-க்குப் பின்னால் வரும் இரண்டு கெழுக்களையும் 1 முதல் 10 வரை நம் இஷ்டத்துக்கு எடுக்கலாம் என்றால் 100 கோவைகள். அவற்றில் உடைவது 14. கையாலேயே எண்ணிவிடலாம்: கூட்டினாலும் பெருக்கினாலும் 10-ஐத் தாண்டாத சோடிகள் எத்தனை என்பதுதான் கணக்கு. 1 முதல் 100 வரை என்றால் 10,000 கோவைகளில் 245. 1 முதல் 1000 வரை என்றால் 10 லட்சத்தில் 3549. நூற்றுக்கு 14 ஆக இருந்தது 2.45 ஆகி, 0.35 ஆகிவிட்டது. கெழுக்களின் எல்லையை விரிக்க விரிக்க, உடைகிறவை காணாமல் போகின்றன. பள்ளிப் புத்தகம் காட்டியது அந்தச் சொச்சத்தை மட்டும்தான்.

‘இந்தக் கோவை உடையுமா’ என்று கேட்பது பழைய வழக்கம். ‘எடுத்தால் உடையுமா’ என்று கேட்பது புதிது. அப்படிக் கேட்கும் பழக்கம் முதலில் எண்களிடம் வந்தது. அதில் நாமக்கல்லுக்கு ஒரு தூரத்து உறவும் உண்டு. ஈரோட்டில் 1887-இல் பிறந்த இராமானுசனின் குடும்பத் தெய்வம் நாமக்கல் நாமகிரித் தாயார். தாயார் கனவில் வந்து சூத்திரம் சொன்னதாகப் பேசப்படும் கதைகளை நம்புவோரும் நம்பாதோரும் இருக்கட்டும். 1917-இல் இராமானுசனும் ஹார்டியும் சேர்ந்து எழுதிய கட்டுரை ஒன்று அந்தக் கனவுக் கதைகளின் அளவுக்கு நம் ஊரில் பேசப்படுவதில்லை. ஓர் எண்ணுக்குப் பொதுவாக எத்தனை பகாக் காரணிகள் இருக்கும் என்று அதில் கேட்டார்கள். விடை வியப்பூட்டும் அளவுக்குச் சிறியது: எண்ணின் இயல் மடக்கைக்கு மறுபடி இயல் மடக்கை எடுத்தால் வருவது. ஒரு கோடியை ஒட்டிய எண்ணுக்குச் சுமார் மூன்று. 1-க்குப் பின் 80 சுழி போட்ட எண்ணின் அக்கம்பக்கத்திலும் ஐந்து, ஆறுதான். எங்காவது ஓர் எண்ணுக்கு எக்கச்சக்கமான காரணிகள் இருக்கலாம், ஆனால் அது விதிவிலக்கு. தனி எண்ணை விட்டுவிட்டு எண்களின் கூட்டத்தைப் பார்த்து ‘இங்கே எது வழக்கம்’ என்று கேட்ட அந்தக் கட்டுரையிலிருந்துதான் நிகழ்தகவு எண் கோட்பாடு என்ற துறையே கிளைத்தது. 1934-இல் ஹங்கேரியின் டூரான் அதே தேற்றத்துக்கு மிக எளிய நிரூபணம் கொடுத்தார்.

கோவைகளின் கேள்வியும் 1930-களில்தான் உருவம் பெற்றது. முன்கதை கொஞ்சம் உண்டு. 1892-இல் ஹில்பர்ட், இரண்டு மாறிகள் கொண்ட உடையாத கோவையில் ஒரு மாறிக்கு முழு எண்களைப் போட்டுக்கொண்டே போனால், உடையாமல் நிற்கும் இடங்கள் எண்ணற்றவை என்று நிறுவியிருந்தார். ‘உடையாதவை நிறைய’ என்பது அதிலிருந்து தெரிந்தது. ‘உடைபவை எவ்வளவு குறைவு’ என்று அளக்கப் புறப்பட்டவர் டச்சுக்காரரான வான் டெர் வேர்டன். அப்போது ஜெர்மனியின் லைப்சிக்கில் பேராசிரியர். 1934-இலும் 1936-இலும் எழுதிய கட்டுரைகளில், படியை நிலையாக வைத்துக்கொண்டு கெழுக்களின் எல்லையைப் பெருக்கினால் உடைபவை எவ்வளவு அருகிப்போகின்றன என்று கணக்கிட்டார். படி மூன்று அல்லது அதற்கு மேல் என்றால், கெழுக்களின் எல்லை 1000 மடங்கானால் உடையும் வாய்ப்பும் சுமார் ஆயிரத்தில் ஒரு பங்காகிறது.

காரணம் சிக்கலானதல்ல. ஒரு கோவை இரண்டாக உடைய வேண்டுமானால், இரு காரணிகளின் பருமனும் பெருக்கப்பட்டு எல்லைக்குள் அடங்க வேண்டும். ஒன்று பெருத்தால் மற்றது இளைக்கத்தான் வேண்டும். மிக அதிகமாக இடம் கிடைப்பது, ஒரு காரணி மிகச் சிறியதாக இருக்கும்போது: அ, அ + 1, அ − 1 போல. மாறிலி உறுப்பு பூச்சியம் என்றால் அ வெளியே வந்துவிடும். கெழுக்களின் கூட்டுத்தொகை பூச்சியம் என்றால் அ − 1 வரும். இந்த மாதிரி அற்ப விபத்துகள்தான் உடைவில் பெரும் பங்கு. கொல்லிமலைக் கோவை உடைந்ததும் இதே சாதிதான். அ² + 1 ஒரு கோவையை வகுக்க வேண்டுமானால், ஒன்றுவிட்டு ஒன்றாக எடுத்த கெழுக்களைக் குறி மாற்றி மாற்றிக் கூட்டினால் பூச்சியம் வர வேண்டும். 637411-இல் 6 − 7 + 1 = 0; 3 − 4 + 1 = 0. இரண்டும் ஒரே நேரத்தில் அமைந்தது மலையின் அதிர்ஷ்டம்.

வான் டெர் வேர்டன் இதோடு நிற்கவில்லை. உடையாத கோவைகளுக்குள்ளும் பெரும்பாலானவை எந்தச் சமச்சீரும் இல்லாத முரட்டுக் கோவைகள் என்றும், மூலங்களுக்கிடையே ஏதாவது ஒளிந்த உறவு வைத்திருக்கும் கோவைகள் உடைபவற்றைவிட அதிகம் இருக்காது என்றும் ஊகித்தார். உடைபவற்றின் கணக்கை அவரே முடித்துவிட்டார். இந்த ஊகத்தை முடிக்கத்தான் இன்னும் 85 ஆண்டு ஆயிற்று. 1973-இல் காலஹர் பெரும் சல்லடை முறையால் பாதி தூரம் வந்தார். அதன்பின் சிறிய படிகளுக்குத் துண்டு துண்டாக விடை வந்தது. 2021-இல் மஞ்சுள் பார்கவா எல்லாப் படிகளுக்கும் சேர்த்து நிறுவினார். 2005-இல் சாஸ்த்ரா பல்கலைக்கழகம் கும்பகோணத்தில் இராமானுசன் பெயரில் முதன்முதலாகப் பரிசு கொடுத்தபோது அதைப் பகிர்ந்துகொண்டவர்கள் சென்னையில் பிறந்த கண்ணன் சௌந்தரராஜனும் இந்தப் பார்கவாவும்தான்.

இதுவரை சொன்னது ஒரு வகைக் குருட்டாம்போக்கு: படி நிலையானது, கெழுக்கள் வளர்கின்றன. இன்னொரு வகை இருக்கிறது, அதுதான் கடினமானது. கெழுக்களைச் சிறியதாகவே வைத்துக்கொண்டு படியை ஏற்றிக்கொண்டே போவது. நாணயத்தைச் சுண்டித் தலை விழுந்தால் 1, பூ விழுந்தால் 0 என்று கெழுக்களை எழுதுவோம். (கடைசி உறுப்பு மட்டும் 1 என்று வைத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் பாதிக் கோவைகளில் அ தானே வெளியே வந்துவிடும்.) 100 முறை, 1000 முறை, 10,000 முறை சுண்டி எழுதிய கோவை உடையுமா? 1993-இல் ஒட்லிஸ்கோவும் பூனனும் இத்தகைய கோவைகளின் மூலங்களை ஆராய்ந்த கட்டுரையில், படி ஏற ஏற உடையாமல் இருக்கும் வாய்ப்பு 1-ஐ நெருங்கும் என்று ஊகித்தார்கள். கெழுக்கள் பெரிதாக வளராததால் ‘ஒன்று பெருத்தால் ஒன்று இளைக்கும்’ வாதம் இங்கே எடுபடாது. 1999-இல் கொன்யாகின் காட்ட முடிந்த வாய்ப்பின் கீழ் எல்லை, படியின் மடக்கையால் ஒன்றை வகுத்தால் வரும் அளவுக்குத்தான். அதாவது படி ஏற ஏற அதுவே பூச்சியத்தை நோக்கிப் போகும். ஊகம் 1 என்றது, நிரூபணம் 0-க்குப் பக்கத்திலேயே நின்றது. அடுத்த 18 ஆண்டு அப்படியேதான் இருந்தது.

கெழுக்கள் சிறியவை என்ற நிலையில் கையில் மிஞ்சும் கருவி மீதிக் கணக்கு. கோவையின் கெழுக்களை 2-ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொண்டால் ஒரு நிழல் கிடைக்கும். 3-ஆல் வகுத்தால் இன்னொரு நிழல். கோவை உண்மையில் உடைந்தால் அதன் ஒவ்வொரு நிழலும் அதே அளவுகளில் உடைய வேண்டும். நிழல் உடைவதால் கோவை உடைந்துவிடாது. ஆனால் நிழல் உடையாத இடத்தில் கோவை உடையவே முடியாது.

ஓர் எடுத்துக்காட்டு. பகடையை நாலு முறை உருட்டி 1, 3, 4, 5 விழுந்ததாக வைப்போம். கோவை அ⁴ + அ³ + 3அ² + 4அ + 5. இதை 2-ஆல் வகுத்த மீதியில் பார்த்தால் அ⁴ + அ³ + அ² + 1. அது (அ + 1), (அ³ + அ + 1) என்று உடைகிறது. அந்த மூன்றாம் படித் துண்டு அதற்குமேல் உடையாது. ஆக 2-இன் நிழல் சொல்வது: உடைந்தால் ஒன்றும் மூன்றுமாகத்தான். இனி 3-ஆல் வகுத்த மீதி: அ⁴ + அ³ + அ + 2. இது (அ² + 1), (அ² + அ + 2) என்று இரண்டும் இரண்டுமாக உடைகிறது, அதற்குமேல் போகாது. ஒரு நிழல் ‘1 + 3’ என்கிறது, மற்றது ‘2 + 2’ என்கிறது. இரண்டுக்கும் பொதுவான வெட்டு இடம் இல்லை. ஆகவே மூலக் கோவை உடையாது. இரண்டு நிழலும் உடைந்தே இருந்தும், அவை வேறு வேறு இடத்தில் உடைந்த ஒரே காரணத்தால் முழுசு தப்பிக்கிறது. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த கட்டம் இதுதான்.

தனி நிழல்கள் எளிதில் உடைபவை. 1000-ஆம் படிக் கோவை ஒன்றின் நிழல் உடையாமல் இருக்க வாய்ப்பு ஏறக்குறைய ஆயிரத்தில் ஒன்று. இது காவுஸ் காலத்திலேயே தெரிந்த கணக்கு. ஒரு நிழல் பொதுவாக எத்தனை துண்டாகும்? படியின் மடக்கை அளவு. 1000-க்குச் சுமார் 7. இராமானுசனும் ஹார்டியும் எண்களில் கண்ட அதே விதி, கோவையின் நிழலில் வேறு சட்டை போட்டு நிற்கிறது. சீட்டுகளைக் குலுக்கும்போது உருவாகும் சுழல்களின் எண்ணிக்கையும் இதே விதிக்கு உட்பட்டதுதான்.

ஏழு துண்டுகளில் எவற்றை வேண்டுமானாலும் ஒரு பக்கம் சேர்க்கலாம் என்பதால், அந்த நிழலை வெட்டக்கூடிய இடங்கள் தோராயமாக 120. மொத்த இடங்களோ 1000. குறிப்பிட்ட ஓர் இடம் ஒரு நிழலில் வெட்டு இடமாக இருக்க வாய்ப்பு நூற்றுக்குச் சுமார் 12. நிழல்கள் ஒன்றையொன்று பாதிக்காதவை என்றால், மூன்று நிழல்களிலும் ஒரே இடம் அமைய ஆயிரத்தில் இரண்டுக்குச் சற்றுக் குறைவு. 1000 இடங்கள் இருப்பதால் அப்படி ஒன்றிரண்டு இடம் எப்படியும் தேறிவிடும். படி கூடினால் இன்னும் கூடும். நான்காவது நிழலையும் சேர்த்தால் எதிர்பார்ப்பு 0.2-க்கு விழுகிறது, படி கூடக் கூட பூச்சியத்தை நோக்கி இறங்குகிறது. மூன்று போதாது, நான்கு போதும். நான் இங்கே போட்டது உறைத்தாளின் பின்புறம் போடும் கணக்கு. இதைக் கறாராக நிறுவியவர்கள் கையில் எடுத்தது கோவைகளை அல்ல, சீட்டுக் குலுக்கல் போன்ற வரிசை மாற்றங்களை. நான்கு வரிசை மாற்றங்கள் போதும் என்பது 2016-இல் பெமன்டில், பெரெஸ், ரிவின் ஆகியோர் வெளியிட்ட கட்டுரை. மூன்று போதாது என்பது 2017-இல் ஈபர்ஹார்ட், ஃபோர்ட், கிரீன் ஆகியோர் வெளியிட்டது.

அதைக் கோவைக்குக் கொண்டுவந்தவர்கள் டெல் அவிவ் பல்கலைக்கழகத்தின் லியோர் பாரி-சோரோகரும் வைஸ்மன் நிலையத்தின் காடி கோஸ்மாவும். நான்கு நிழல் வேண்டும், அவை ஒன்றையொன்று பாதிக்கக் கூடாது. சாதாரணப் பகடையில் 6 முகம். 6 என்பது 2 × 3. அதனால் பகடையில் விழும் எண்ணின் 2-மீதியும் 3-மீதியும் தனித்தனியாகப் பகடை உருட்டியது போலவே சுதந்திரமாக அமைகின்றன. முதல் நான்கு பகா எண்களைப் பெருக்கினால் 2 × 3 × 5 × 7 = 210. ஆகவே 210 முகம் உள்ள பகடையை உருட்டிக் கெழுக்களை எழுதினால், நான்கு நிழல்களும் தனித்தனியே நிற்கும். படி ஏற ஏற, கோவை உடையாமல் இருக்கும் வாய்ப்பு 1-ஐ நெருங்கும். 2017-இல் அவர்கள் நிறுவியது இதைத்தான். 210 என்ற எண்ணைப் பார்த்தால் எங்கிருந்தோ குதித்தது போல இருக்கும். பிறந்த இடம் தெரிந்தால் வேறு எந்த எண்ணும் வந்திருக்க முடியாது என்று புரியும். நாணயத்துக்கு இரண்டே முகம் என்பதால் இந்த வழி அதை எட்டவில்லை.

ஓராண்டுக்குள் வேறொரு திசையிலிருந்து ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். கேம்பிரிட்ஜில் இருந்த பிரெய்யாரும் வார்யூவும் ஆராய்ந்துகொண்டிருந்தது கோவைகளை அல்ல, ஒருவகைக் குருட்டு நடையை. ஒரு பகா எண்ணை எடுத்துக்கொண்டு, மீதிகளின் வட்டத்தில் ‘கையில் உள்ளதைக் குறிப்பிட்ட எண்ணால் பெருக்கு, நாணயம் சொல்வதைக் கூட்டு’ என்று நடந்துகொண்டே இருந்தால், எத்தனை அடியில் எல்லா மீதிகளும் சமமாகக் கலக்கும்? 1987-இல் சுங், டயகோனிஸ், கிரஹாம் மூவரும் தொடங்கி வைத்த கேள்வி இது. பெருக்கு, கூட்டு, பெருக்கு, கூட்டு என்று போவதுதான் ஒரு கோவையில் எண்ணைப் போட்டு மதிப்புக் காணும் முறையும். அதனால் நடை கலந்துவிட்டால், கோவைக்கு அந்தப் பகா எண்ணின் மீதியில் சராசரியாக ஒரு மூலம்தான் இருக்கும் என்று வந்துவிடும்.

சராசரியாக ஒரு மூலம் என்பதில் என்ன இருக்கிறது? பகா எண்களை வரிசையாக எடுத்து, ஒவ்வொன்றின் மீதியிலும் ஒரு கோவைக்கு எத்தனை மூலம் என்று எண்ணிச் சராசரி பார்த்தால், வருவது அந்தக் கோவையின் உடையாத, வேறுவேறான காரணிகளின் எண்ணிக்கை. அ² + 1-ஐ எடுங்கள். 5-இன் மீதியில் 2, 3 என்று இரண்டு மூலம். 7-இல் ஒன்றுமில்லை. 11-இலும் இல்லை. 13-இல் 5, 8 என்று இரண்டு. நான்கால் வகுத்தால் 1 மிஞ்சும் பகா எண்களுக்கு இரண்டு, 3 மிஞ்சுபவற்றுக்குப் பூச்சியம். இரு வகையும் பாதிப்பாதி என்பதால் சராசரி ஒன்று. ஆகவே அ² + 1 ஒற்றைத் துண்டு. நாணயக் கோவைக்கும் சராசரி ஒன்று என்று காட்டிவிட்டால் அதுவும் ஒற்றைத் துண்டுதான்.

2018-இல் அவர்கள் காட்டினார்கள். ஆனால் எத்தனை பகா எண்களைப் பார்த்தால் சராசரி நிலைக்கும் என்று தெரிய வேண்டுமே? அதற்கு ரீமன் கருதுகோளின் விரிந்த வடிவம் ஒன்று உண்மை என்று வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அதை ஒப்புக்கொண்டால் ஒட்லிஸ்கோ–பூனன் ஊகம் முழுக்கச் சரி. ஒப்புக்கொள்ளாதவருக்கு நிரூபணம் இல்லை. 1859-இல் ரீமன் வைத்துவிட்டுப் போன மூலக் கருதுகோளே இன்றுவரை நிறுவப்படவில்லை என்பதால், நிபந்தனையோடு வந்த வெற்றி அது.

நிபந்தனை இல்லாத பக்கத்தில் பாரி-சோரோகரும் கோஸ்மாவும் மான்ட்ரியலின் கூக்குலோபுலோஸைச் சேர்த்துக்கொண்டு 2020-இல் திரும்ப வந்தார்கள். நான்கு நிழல்களும் முற்றிலும் சுதந்திரமாக இருக்க வேண்டியதில்லை, ஏறக்குறைய இருந்தால் போதும் என்று ஃபூரியே பகுப்பாய்வின் துணையோடு காட்டினார்கள். பகடையின் முகங்கள் 210-லிருந்து 35-க்கு இறங்கின: தொடர்ச்சியான 35 முழு எண்களிலிருந்து கெழுக்களை எடுத்தாலே உடையாத வாய்ப்பு 1-ஐ நெருங்கும், எந்தக் கருதுகோளும் தேவையில்லை. அதே கட்டுரையில் நாணயக் கோவைக்கும் ஒரு பலன் கிடைத்தது. படி எவ்வளவு ஏறினாலும், உடையாமல் இருக்கும் வாய்ப்பு ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்காது. கொன்யாகினின் எல்லை பூச்சியத்தை நோக்கிச் சரிந்துகொண்டே போனது, இது சரியாது. நிறுவப்பட்டது அவ்வளவு. அந்த வாய்ப்பு 1-ஐ நெருங்குகிறது என்று சொல்ல, 0-வும் 1-மும் மட்டும் உள்ள கோவைக்கு இன்னும் ரீமனின் தயவு வேண்டியிருக்கிறது.